நான் பார்க்காத பத்து நிமிடங்கள்

என் மனைவியின் தம்பி குற்றாலத்தில் தன்னுடைய வீட்டிலேயே சாக வேண்டும் என்று விரும்பினார். அது நடக்கவில்லை. கோயம்புத்தூரில் ஒரு முதியோர் இல்லத்தில், கைக்குப் பழகாத ஒரு கட்டிலில், பங்குனி முதல் வாரத்தில் இறந்தார். அவர் அங்கே போனதற்குக் காரணம் நான். ஒரு ரக்பி ஆட்டத்தின் முடிவைப் பற்றி அவரிடம் ஒரு பொய் சொன்னேன். பிறகு அதை மறைக்க இன்னொன்று சொன்னேன். முதல் பொய்யை யாரும் மன்னித்துவிடுவார்கள். இரண்டாவதை நானே மன்னிக்கவில்லை.

அவர் மயக்க மருந்து டாக்டர். ஸ்காட்லாந்தில், எடின்பரோவுக்குப் பக்கத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் முப்பது வருடங்களுக்கு மேல் வேலை பார்த்தவர். மனைவி அங்கேயே இறந்த பிறகு, ஓய்வு பெற்றுத் தனியாகக் குற்றாலம் வந்து, மலையடிவாரத்தில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டார். ஒரே மகன் எடின்பரோவிலேயே தங்கிவிட்டான். வந்த நாலாம் வருடம் சர்க்கரை நோய் அவருடைய இரண்டு கண்களையும் எடுத்துக்கொண்டது. வடகரையைச் சேர்ந்த ஓர் அம்மாள் வீட்டோடு தங்கிச் சமைத்துப் போட்டு அவரைப் பார்த்துக்கொண்டார்.

கண் போனதும் மகன் பயந்துவிட்டான். ஒருமுறை குளியலறையில் அவர் வழுக்கி விழுந்தது தெரிந்தபோது, நல்ல இல்லமாகப் பார்த்துச் சேர்த்துவிடுகிறேன் என்று அங்கிருந்தே பேச ஆரம்பித்தான். இரண்டு பேரும் பல நாள் ஃபோனில் சண்டை போட்டார்கள். கடைசியில் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். தலை தெளிவாக இருக்கும்வரை அவர் குற்றாலத்தில் இருக்கலாம். ஞாபகம் தடுமாறத் தொடங்கினால் மகன் சொல்லும் இடத்துக்கு மறுபேச்சில்லாமல் போக வேண்டும்.

"நியாயமான பேச்சுதான் அத்தான்" என்றார் என்னிடம். "ஆஸ்பத்திரியில எத்தனை பேர் வீட்டு ஆளுங்ககிட்ட இதைத்தான் நானும் சொல்லிருக்கேன். கண்ணு இல்லாம ஒருத்தன் தனியா இருந்துக்கலாம். தலை இல்லாம முடியாது. ஆனா எனக்கு அது வராது, பாத்துக்கிடுங்க."

அவருக்கு அது வரவில்லை. இதை நான் உறுதியாகச் சொல்ல முடியும்.

ரக்பிக்கு வருகிறேன். ஐரோப்பாவில் வருடா வருடம் பிப்ரவரி தொடங்கி மார்ச் வரை ஆறு நாடுகள் மோதும் ஒரு போட்டி நடக்கிறது. இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ், பிரான்ஸ், இத்தாலி. ஒவ்வொரு நாடும் மற்ற ஐந்தோடும் ஒருமுறை ஆடும். என் மைத்துனர் ஸ்காட்லாந்துக்காரராகவே ஆகிவிட்டவர். போன புதிதில் உடன் வேலை பார்த்தவர்கள் ஆட்டம் பார்க்கக் குளிரில் இழுத்துக்கொண்டு போனார்களாம். மூன்றாவது வருடம் இவர் அவர்களை இழுத்துக்கொண்டு போனாராம்.

"ஆறு நாடா ஆனதுக்குப் பெறகு ஒரு தடவகூட நாங்க கோப்பைய ஜெயிச்சதில்ல அத்தான். தோத்துட்டுப் பாட்டுப் பாடிக்கிட்டே வீட்டுக்குப் போற கூட்டம் ஒண்ணு உண்டும். அதுல நானும் ஒருத்தன்."

கடைசி இடத்துக்கு வருகிற நாட்டுக்கு மரக்கரண்டி என்று ஒரு கேலிப் பட்டம் இருப்பதையும் அவர்தான் சொன்னார். வடகரை அம்மாள் அதைக் கேட்டுவிட்டு, "அகப்பைக்கா இத்தனை அடி வாங்குதானுவ? நம்ம அடுப்படியில ரெண்டு கெடக்கு. ஒண்ணை அனுப்பி வைங்க டாக்டரய்யா" என்றார்.

மகன் அங்கிருந்து ஏற்பாடு செய்து கொடுத்திருந்ததால் டிவியில் இந்த ஆட்டங்கள் வரும். கண் தெரியாதவருக்கு டிவி எதற்கு? ஆங்கில வர்ணனையைக் கேட்டுப் பார்த்தார். வர்ணனையாளர்கள் நாமும் படத்தைப் பார்க்கிறோம் என்று நினைத்தே பேசுகிறார்கள். பந்து எங்கே இருக்கிறது என்று சொல்வதில்லை. யாரோ ஒருவனின் பழைய முழங்கால் காயத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள், அதற்குள் இங்கே ஒருவன் கோட்டைத் தாண்டியிருப்பான். ஒரு சனிக்கிழமை நான் போயிருந்தபோது, "சத்தத்த அடைச்சுப் போடுங்க அத்தான். நீங்க சொல்லுங்க" என்றார்.

எனக்கு ஆட்டம் தெரியாது. கல்லூரியில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். அவரே பாடம் எடுத்தார். கையால் எறிந்தால் பின்பக்கம்தான் எறியலாம், முன்பக்கம் எறியக் கூடாது. பந்தோடு ஓடி எதிரியின் கோட்டைத் தாண்டித் தரையில் அழுத்தினால் அது ட்ரை, ஐந்து புள்ளி. காலால் உதைத்துக் கம்பங்களுக்கு நடுவே அனுப்பினாலும் புள்ளி உண்டு. இவ்வளவு போதும் என்றார்.

ஆனால் எங்கே என்பதை எப்படிச் சொல்வது? இருபத்திரண்டு மீட்டர், பத்து மீட்டர் என்று கோடுகளைச் சொன்னால் அவர் மனதில் எதுவும் தோன்றவில்லை. அந்த வாரமே நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். நம்முடைய கோடு குற்றாலம் அருவிக்கரை. எதிரியின் கோடு தென்காசி பஸ் நிலையம். நடுக்கோடு மேலகரம். அருவியிலிருந்து தென்காசியைப் பார்த்து நின்றால் இடது பக்கம் இலஞ்சி, வலது பக்கம் ஆயிரப்பேரி. அவர் படிக்கிற காலத்தில் தினமும் சைக்கிள் மிதித்த சாலை அது. கண் தெரிந்த காலத்தில் பார்த்த எந்த மைதானத்தையும்விட அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

"மேலகரத்துல ஸ்க்ரம். எட்டுப் பேரும் எட்டுப் பேரும் முட்டித் தள்ளுதான். பந்து வெளிய வந்துட்டு. இலஞ்சி பக்கமா எறியுதான். அவன் ஓடுதான், ஓடுதான், புடிச்சுச் சாச்சுட்டான்."

"ஆயிரப்பேரி பக்கம் யாரும் இல்லையா? அங்கன போட வேண்டியதுதானே!" என்று நாற்காலியின் கையைக் குத்துவார் அவர். உண்மையிலேயே அங்கே ஆள் இல்லாமல் இருக்கும். பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தெரியாதது அவருக்குத் தெரிந்தது.

வடகரை அம்மாளும் வாசல்படிப் பக்கம் வந்து உட்கார்ந்துகொள்வார். "இத்தனை தடிப்பயலுவ ஒண்ணுக்கு மேல ஒண்ணு விழுந்து கெடக்கானுவளே. பந்தும் முட்டை மாதிரிதான் இருக்கு. இன்னும் கொஞ்ச நேரம் கெடந்தா குஞ்சு பொரிச்சிரும்" என்பார். மூன்று பேரும் சிரிப்போம்.

மூன்று வருடம், அந்த இரண்டு மாதங்களில், சனிக்கிழமைதோறும் குத்துக்கல்வலசையில் என் வீட்டிலிருந்து கிளம்பி, தென்காசியில் டவுன் பஸ் ஏறிப் போய்வந்தேன். வகுப்பறையை விட்டு வந்து பதினைந்து வருடம் கழித்து, என் வாயைப் பார்த்துக்கொண்டு இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. குரலை ஏற்றவும் இறக்கவும் பழகிக்கொண்டேன். ஒன்றுமில்லாத இடத்திலும் கொஞ்சம் பரபரப்பைச் சேர்த்தேன். பொய் அங்கேயே முளைவிட்டிருந்தது என்று இப்போது படுகிறது.

அந்தச் சனிக்கிழமை ஸ்காட்லாந்துக்கும் பிரான்ஸுக்கும் ஆட்டம். எடின்பரோவில் நடந்தது. மகன் டிக்கெட் எடுத்து மைதானத்துக்கே போயிருந்தான். "கூட்டத்துல அவன் மூஞ்சி தெரிஞ்சா சொல்லுங்க அத்தான்" என்று தொடங்கும்போதே சொல்லிவைத்தார். நமக்கு இரவு ஏழே முக்கால். அந்த வாரம் முழுக்கக் குரங்குகள் மாடிக்கு வரும் இணையக் கேபிளைப் பிடித்து ஊஞ்சலாடியிருந்தன. படம் நின்று நின்று வந்தது. இருந்தாலும் எழுபது நிமிடம் வரை ஒப்பேற்றிவிட்டோம். ஸ்காட்லாந்து மூன்று புள்ளி முன்னால் இருந்தது. இன்னும் பத்து நிமிடம்தான்.

அப்போது படம் நின்றது. நீலச் சட்டைக்காரன் ஒருவன் ஒரு காலைத் தூக்கியபடி நின்றான். திரையின் நடுவில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. நான் பேச்சை நிறுத்தினேன்.

"என்ன ஆச்சு? பந்து எங்கன நிக்கி?"

நின்றுபோச்சு மாப்ள என்று சொல்லியிருக்க வேண்டும். வாசலில் இறங்கி, கேட்டைத் தாண்டிப் பத்தடி நடந்தால் ஃபோனில் சிக்னல் கிடைக்கும். முடிவைப் பார்த்துவந்து சொல்லியிருக்கலாம். நான் எழுந்திருக்கவில்லை. அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து முகத்தை என் பக்கம் திருப்பியிருந்தார்.

"மேலகரத்துல" என்றேன்.

அதற்குப் பிறகு வந்தது எல்லாம் என் சொந்தச் சரக்கு. பிரான்ஸ்காரர்களை அருவிக்கரை வரைக்கும் வரவிட்டேன். அவருடைய மூச்சு நிற்கிற அளவுக்கு அங்கேயே அவர்களை நிறுத்திவைத்தேன். பிறகு நம் ஆள் ஒருவன் பந்தைப் பறித்து இலஞ்சிப் பக்கமாக உதைத்தான். இன்னொருவன் துரத்திக்கொண்டு ஓடினான். மேலகரம் தாண்டினான். ஒருவன் காலைப் பிடித்தான், உதறிவிட்டு ஓடினான். பஸ் நிலையத்துக்குள் போய் விழுந்தான். வடகரை அம்மாள் நின்றுபோன திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். விளையாட்டு என்று நினைத்திருப்பார்.

விசில் ஊதியாச்சு என்று நான் சொன்னதும் அவர் எழுந்து நின்றார். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி என்னைத் தேடினார். நான் கைகளைக் கொடுத்தேன். "மைதானத்துல உக்காந்து பாத்த காலத்துலகூட இப்படி ஒரு முடிவப் பாத்ததில்ல அத்தான்" என்றார். அழுதுகொண்டிருந்தார். கருணையால் சொன்ன பொய் என்று பின்னால் பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கருணை இல்லை. கேட்க ஆள் இருந்தது, நிறுத்த மனம் வரவில்லை, அவ்வளவுதான். செய்யாத சோதனைக்கு அளவீடு எழுதிக்கொண்டு வந்த மாணவர்களை நான் எவ்வளவு கேவலப்படுத்தியிருக்கிறேன்!

தென்காசியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஃபோனில் பார்த்தேன். ஸ்காட்லாந்து தோற்றிருந்தது. அந்தப் பத்து நிமிடத்தில் பிரான்ஸ் ஒரு ட்ரை போட்டு முன்னால் போய்விட்டது. கடைசி நொடியில் ஸ்காட்லாந்துக்காரர்கள் கும்பலாகக் கோட்டைத் தாண்டி விழுந்தார்கள். ஆனால் பந்து தரையைத் தொட்டதா என்பது குவியலுக்கு அடியில் தெரியவில்லை. நடுவர் கொடுக்கவில்லை. காலையில் கூப்பிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். காலையில் ஒரு கல்யாண வீடு இருந்தது. போய்விட்டு வந்து சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மகன் அவரைக் கூப்பிடுவது வழக்கம். மூன்று மணிக்கு அவன் என்னைக் கூப்பிட்டான்.

"மாமா, சனிக்கிழமை நீங்க அங்கன இருந்தீங்களா?"

"இருந்தேன். ஏன்?"

"அப்பா என்னென்னமோ பேசுதாரு மாமா. நேத்து நான் ஸ்டேடியத்துல உக்காந்து மழையில நனைஞ்சுக்கிட்டுத் தோத்ததப் பாத்தேன். இவரு ஜெயிச்சிட்டோம், ஜெயிச்சிட்டோம்னு அழுதாரு. எப்படி ஜெயிச்சோம்னு கேட்டா, மேலகரங்காரு, இலஞ்சிங்காரு, பஸ் ஸ்டாண்டுக்குள்ள போய் விழுந்தாங்காரு. மேட்ச் நடந்தது எடின்பரோல மாமா!"

வழக்கமாக மகனிடம் பேசும்போது அவர் ஊர்ப் பெயர்களை விட்டுவிட்டு, கோடுகளின் பெயரால்தான் சொல்வார். அன்றைக்குச் சந்தோஷத்தில் மறந்திருக்கிறார்.

"வாரா வாரம் மேட்ச் பத்தி நான் சும்மா கேக்கல மாமா" என்றான் அவன். "தலை எப்படி இருக்குன்னு பாக்கதுக்குத்தான் கேப்பேன். யார் போட்டா, எத்தனையாவது நிமிஷம், எல்லாம் கரெக்டா சொல்லுவாரு. அத வச்சுத்தான் நான் நிம்மதியா இருந்தேன். உங்ககிட்ட இப்படி எதாவது பேசிருக்காரா?"

ஒரே ஒரு வாக்கியம் போதும். அது நான் சொன்னதுப்பா, படம் நின்றுபோச்சு, நான் இட்டுக்கட்டினேன். பள்ளிக்கூடத்துப் பையன்கூடச் சொல்லியிருப்பான். அவன் ஐந்து நிமிடம் கோபப்பட்டிருப்பான், பிறகு சிரித்திருப்பான். ஆனால் அந்தக் குரலில் அவன் என்னைச் சாட்சியாக வைத்திருந்தான். மாமா ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்லமாட்டார் என்று சின்ன வயதிலிருந்து நம்பியவன். அந்த நம்பிக்கையை விட்டுக்கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

"வயசாகுதுல்லா, மருமவனே" என்றேன்.

மறுநாள் குற்றாலம் போனேன். எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் பஸ் ஏறினேன். அருவியில் தண்ணீர் இல்லாத காலம். கடைகள் பாதி மூடிக் கிடந்தன. அவர் வெளியே வராமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என் காலடிச் சத்தம் கேட்டதும் வழக்கமாக முந்திக்கொண்டு பேசுகிறவர், நான் உட்காருகிறவரை பேசவில்லை.

"அத்தான், ஒண்ணு கேக்கேன். மறைக்காமச் சொல்லுங்க. சனிக்கிழமை நாம ஜெயிச்சோமா, தோத்தோமா?"

"தோத்துட்டோம் மாப்ள."

அது உண்மை. அதோடு சேர்த்து மற்றதையும் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அவர் கேட்டுவிட்டார்.

"நீங்க எங்கிட்ட ஜெயிச்சதா சொல்லலையா?"

அவருடைய முகம் என் பக்கம் திரும்பியிருந்தது. அந்தக் கண்களுக்கு நான் தெரியமாட்டேன் என்பது அந்த நேரத்தில் எனக்கு வசதியாக இருந்தது.

"இல்லையே" என்றேன்.

அவர் தலையை மெதுவாக ஆட்டினார். வாய்க்குள் எதையோ கணக்குப் பார்ப்பதுபோல இருந்தார். மருத்துவர் அல்லவா, தன்னுடைய நோயைத் தானே கண்டுகொண்டார்.

"எவ்வளவு தெளிவா ஞாபகம் இருக்கு தெரியுமா? அவன் காலைப் புடிச்சது, இவன் உதறுனது... எல்லாம் நானே உண்டாக்கியிருக்கேன். சரி. அப்போ ஆரம்பிச்சிட்டு" என்றார். பிறகு வடகரை அம்மாளைக் கூப்பிட்டு எனக்குக் காப்பி கொண்டுவரச் சொன்னார்.

கிளம்பும்போது கேட் வரை அந்த அம்மாள் வந்தார்.

"சார், அன்னிக்குப் படம் நின்னு போச்சே. நீங்கதானே ஜெயிச்சிட்டோம்னு சொன்னிய. ஐயா நேத்துலேருந்து சோறே திங்கல. அதைச் சொல்லிப்புட்டா என்ன?"

"அதைப் பெருசாக்காதம்மா. அவருக்கு இனிமே நல்ல கவனிப்பு வேணும்."

"இப்போ கவனிப்பு இல்லாமலா இருக்காரு?" என்று கேட்டுவிட்டு அவர் உள்ளே போய்விட்டார். அந்த வீடு மூடப்பட்டால் அவருக்கு வேலை போகும் என்பது எனக்கு அப்போது தோன்றவே இல்லை. அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. படித்தவர் சொல்கிறார், ஏதோ காரணம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருப்பார்.

வெட்கம் மட்டும் காரணமில்லை. இதையும் எழுதத்தான் வேண்டும். எனக்கு அலுத்திருந்தது. முழங்கால் வலியோடு பஸ்ஸில் நிற்பதும், திரும்பும்போது ஆட்டோவுக்கு அலைவதும், அவருக்கு மருந்து வாங்கிக் கொடுப்பதும், ஏதாவது ஒன்று என்றால் முதல் ஆளாக நான் ஓட வேண்டியிருப்பதும். ஓர் இல்லத்தில் சேர்ந்துவிட்டால் எல்லோருக்கும் நல்லதுதானே என்று உள்ளே ஒரு குரல் சொன்னது. அதை நான் அதட்டவில்லை.

என் மனைவி ஒருத்திதான் நம்பவில்லை.

"நேத்தும் எங்கூட ஃபோன்ல பேசுனான். எங்க அம்மை சொதிக்கு என்னென்ன காய் போடுவான்னு கேட்டேன், வரிசையா சொல்லுதான். அவனுக்கா மூளை கலங்கிட்டு? நீங்க நம்புதியளா?"

"டாக்டர் பாத்துச் சொல்லட்டும்" என்றேன். சொல்லிவிட்டுப் பேப்பரை எடுத்து முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன்.

அந்த வருடத்தின் மீதி ஆட்டங்களை அவர் கேட்கவில்லை. மார்ச் முடிவில் மகன் வந்தான். திருநெல்வேலியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனோம். நானும் உள்ளே இருந்தேன். இன்றைக்கு என்ன கிழமை, நான் சொன்ன மூன்று பொருள்களைத் திருப்பிச் சொல்லுங்கள், நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள் என்று கேட்டார் டாக்டர். இவர் மூன்று பொருள்களையும் சரியாகத்தான் சொன்னார். சொன்னதும் நிறுத்தி, "இல்ல, அது நானா நெனச்சுக்கிட்டதா இருக்கும். என் பதிலை எழுதாதீங்க" என்றார். அடுத்த கேள்விகளுக்கெல்லாம் "தெரியல" என்றார். தொண்ணூற்று மூன்று என்று அவருடைய உதடு அசைந்ததை நான் பார்த்தேன். குரல் வரவில்லை. தன் தலையையே சந்தேகப்படுகிறவன் எந்தச் சோதனையிலும் தேறமாட்டான். மறதி நோயின் ஆரம்பம் என்று எழுதினார் டாக்டர்.

கொடுத்த வாக்கை அவர் மீறவில்லை. ஒரு வார்த்தைகூட எதிர்த்துப் பேசாமல், சட்டைகளை எடுத்துவைக்கச் சொன்னார். கார் ஏறும் முன் வீட்டுச் சுவரை ஒரு கையால் தடவிக்கொண்டே ஒரு சுற்று சுற்றிவந்தார். வடகரை அம்மாள் நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டிலைத் துணியில் சுற்றிக் காரில் வைத்துவிட்டு, என்னைப் பார்க்காமல் உள்ளே போனார். இரண்டு நாளில் அவரும் ஊருக்குப் போய்விட்டார்.

அடுத்த வருடம் மாசி மாதத்தில் நான் கோயம்புத்தூர் போனேன். இடம் சுத்தமாக இருந்தது, ஆட்கள் அன்பாக இருந்தார்கள். குறை சொல்ல ஒன்றுமில்லை. அவர் பாதியாக இளைத்திருந்தார். அன்று சனிக்கிழமை. ஸ்காட்லாந்து ஆடுகிறது, ஃபோனில் போட்டு நான் சொல்லட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம் அத்தான். நீங்க ஒண்ணு சொல்லுவிய. நாளைக்கு எனக்கு வேற மாதிரி ஞாபகம் இருக்கும். எதுக்கு?"

அப்போதுதான் சொன்னேன். படம் நின்றதை, வட்டம் சுற்றியதை, நான் எழுந்து போகாததை, மறுநாள் மகனிடம் சொன்ன பதிலை, அவரிடமே இல்லையே என்று சொன்னதை. ஒன்று விடாமல் சொன்னேன். உங்கள் தலைக்கு ஒன்றும் இல்லை மாப்ள, கெட்டது நான்தான் என்றேன்.

அவர் கையை நீட்டி என் முழங்கையைத் தேடிப் பிடித்தார். தட்டிக்கொடுத்தார்.

"எனக்காண்டிதானே இப்படிச் சொல்லுதிய" என்றார். "இவ்வளவு தூரம் ரயிலேறி வந்து இதச் சொல்லணும்னு தோணியிருக்கே, அது போதும் அத்தான். ஆனா டாக்டரே பாத்துச் சொல்லிட்டாருல்லா?"

நான் எவ்வளவோ மன்றாடினேன். அக்காளைக் கேளுங்கள், வடகரை அம்மாளைக் கேளுங்கள் என்றேன். அவர் சிரித்தபடியே தலையாட்டிக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் எத்தனையோ குடும்பங்கள் நோயாளியிடம் நல்லதாக நாலு வார்த்தை சொல்வதைக் கேட்டுப் பழகிய தலையாட்டல் அது.

அவர் நம்பாவிட்டாலும் மகனிடம் சொன்னால் போதும். அவன் நம்பினால் அவரைத் திரும்பக் கூட்டிவந்துவிடலாம். ரயிலில் வரும்போதே இதை நினைத்தேன். ஆனால் ஃபோனில் எப்படிச் சொல்வது, கடிதமாக எழுதலாமா, அவனே சித்திரையில் வருகிறானாமே, நேரில் சொன்னால் என்ன என்று ஒவ்வொரு நாளும் ஒரு காரணம் வந்தது. மூன்று வாரம் போயிற்று. வெள்ளிக்கிழமை காலை இல்லத்திலிருந்து ஃபோன் வந்தது. தூக்கத்திலேயே போய்விட்டார் என்றார்கள்.

காரியங்கள் குற்றாலத்தில்தான் நடந்தன. மகன் எல்லாவற்றையும் பொறுமையாகச் செய்தான். முடிந்து அவன் திருவனந்தபுரத்தில் விமானம் ஏறக் கிளம்பியபோது, கொஞ்ச தூரம் கூட வருகிறேன் என்று நானும் காரில் ஏறிக்கொண்டேன். செங்கோட்டை தாண்டும்வரை என்னால் வாய் திறக்க முடியவில்லை. புளியறையில் கேரள எல்லைச் சோதனைச் சாவடிக்கு முன்னால் லாரிகள் வரிசையாக நின்றன. கார் அவற்றுக்குப் பின்னால் நின்றது. டிரைவர் டீ குடிக்க இறங்கிப் போனார். அங்கே வைத்துச் சொன்னேன்.

நான் பேசி முடிக்கும்வரை அவன் முன்னால் நின்ற லாரியின் பின்கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கதவைத் திறந்து இறங்கிப் போய், சாலையோரம் ஒரு பரோட்டாக் கடைப் பக்கம் எனக்கு முதுகைக் காட்டி நின்றான். வரிசை கொஞ்சம் நகர்ந்தது. பின்னால் இருந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். டிரைவர் ஓடிவந்து காரை எடுத்து முன்னால் நிறுத்தினார். அவன் நடந்தே வந்து சேர்ந்தான்.

"அப்பாட்ட இதச் சொன்னீங்களா?"

"சொன்னேன். நம்பல."

"எங்கிட்டச் சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேனே மாமா."

நான் மடியில் இருந்த மஞ்சள் பையை எடுத்துச் சீட்டில் வைத்தேன்.

"போன வருஷம் முழுக்க ஞாயித்துக்கிழமை நான் அவர்கிட்ட மேட்ச் பத்திப் பேசவே இல்ல" என்றான். "அவர் தப்பாச் சொல்லிருவாரோன்னு பயந்து. சாப்டீங்களா, தூங்குனீங்களா, அவ்வளவுதான் கேப்பேன்."

என் பக்கத்துக் கதவை அவனே வந்து திறந்தான்.

"நீங்க இங்கன எறங்கிக்கிடுங்க மாமா. பஸ் கெடைக்கும்லா?"

"கெடைக்கும்" என்றேன்.

நான் சீட்டிலேயே விட்டுவிட்ட மஞ்சள் பையை எடுத்து என் கையில் கொடுத்தான். கீழே பள்ளம் இருக்கிறது, பார்த்து இறங்குங்கள் என்றான். கார் சாவடியைத் தாண்டி மலைப்பாதையில் ஏறியது. வீட்டுக்குப் போனதும் என் மனைவியிடமும் சொல்லியாக வேண்டும். கேரளத்திலிருந்து வந்த பஸ் ஒன்று நின்றது. கூட்டமில்லை. செங்கோட்டைக்கு ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டு உட்கார்ந்தேன்.